மாமன் மகள்மேல் போட்ட பழி

இலங்கையின் எஹலியகொடப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு நாற்பது வயதுக்குள் நடை தள்ளாட ஆரம்பித்தால் முதலில் சொல்லப்படுவது கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். அவர் குடிக்கிறவர் அல்ல என்று தெரிந்தபின் சொல்லப்படுவது செய்வினை. இரண்டு வருடம் கழித்து அவருடைய தங்கைக்கும் அதே தள்ளாட்டம் வந்துவிட்டால் படித்தவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். ஆசிரியர், நலன்புரி உத்தியோகத்தர், பட்டணத்திலிருந்து வரும் தொண்டு நிறுவனத்தார், சில வேளைகளில் வைத்தியரே கூட ஒரே விளக்கத்தைத் தருகிறார்கள்: "நீங்க சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிறீங்க. மாமன் மகள், அத்தை மகன்னு ஒரே ரத்தம். அதான் பிள்ளைகளுக்கு இப்படி வருது."

கசிப்புக் கதையையும் செய்வினைக் கதையையும் மறுக்க இன்று தோட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது கதையை மறுக்க ஆளில்லை. அது விஞ்ஞானம் பேசுகிறது, பாடப்புத்தகத்திலிருந்து வந்ததுபோல் ஒலிக்கிறது, சொல்கிறவர் சட்டையில் பேனா குத்தியிருக்கிறார். கேட்கிறவர் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறார். தலைமுறை தலைமுறையாக இறங்கும் நரம்பு நோய்களில் பெரும்பகுதிக்கு இந்த விளக்கம் அடியோடு தவறு. அரைகுறை உண்மை என்றுகூட அதை விட்டுவிட முடியாது. அது குடும்பங்களுக்குச் செய்கிற தீங்கு நேரடியானது.

நான் எந்த நோயைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சிறுமூளையும் தண்டுவடப் பாதைகளும் மெல்ல மெல்லத் தேய்ந்து, நடை, பேச்சு, விழுங்குதல் என ஒவ்வொன்றாகக் குலையும் பரம்பரை நோய்கள் பல உண்டு. வைத்தியர்கள் இவற்றை அட்டாக்ஸியா என்பார்கள். வகைகளுக்கு எண் போட்டு எஸ்.சி.ஏ.1, எஸ்.சி.ஏ.2, எஸ்.சி.ஏ.3 என்று அழைப்பார்கள். இலங்கையில் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கும் அட்டாக்ஸியா உள்ள குடும்பங்களைக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு ஆராய்ந்து 2013ல் வெளியிட்டது. அதில் அதிகமாகக் காணப்பட்ட வகை எஸ்.சி.ஏ.1. அதற்குச் சில வருடங்கள் முன்பு, 2005ல், தமிழ்நாட்டின் சில கிராமங்களில் வாழும் ஒரு தமிழ்ச் சமூகத்தில் இதே எஸ்.சி.ஏ.1 அசாதாரணமாக அதிகம் என்று இந்திய நரம்பியல் இதழில் கட்டுரை வந்தது. நம் முன்னோர் கப்பலேறிய கரையிலும் இந்த நோய் இருக்கிறது, இறங்கிய கரையிலும் இருக்கிறது. தூரத்து நாட்டு நோய் என்று தள்ளிவைத்துவிட முடியாது.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு மரபணுவுக்குள் இருக்கும் ஒரு சிறு திரும்பல். நம்முடைய டி.என்.ஏ நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. ஆறாவது குரோமோசோமில் அட்டாக்சின்-1 என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அதற்குள் ஓரிடத்தில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன: சிஏஜி, சிஏஜி, சிஏஜி. எல்லா மனிதருக்கும் இது உண்டு. பெரும்பாலானோருக்கு இந்தத் திரும்பல் 36க்குக் கீழே நிற்கும். நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் 'சிஏடி' என்று வேறு எழுத்து வந்து தொடரை முறிக்கும். அந்த முறிப்பு இல்லாமல் 39ஐயோ அதற்கு மேலோ எட்டிவிட்டால் நோய். ஒவ்வொரு சிஏஜியும் புரதத்தில் குளூட்டமின் என்ற ஓர் அமினோ அமிலத்தை வைக்கச் சொல்லும் கட்டளை. எழுத்து நீண்டால் புரதத்திலும் குளூட்டமின் வால் நீளும். நீண்ட வாலுள்ள புரதம் சிறுமூளையின் புர்கிஞ்சி செல்களுக்குள், அதிலும் அவற்றின் உட்கருவுக்குள், தன் வேலையைத் தவறாகச் செய்து அந்தச் செல்களைக் கொல்கிறது.

திரும்பல் ஏன் நீளுகிறது? காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக முப்பது பேருக்கும் ராமசாமி என்றே பெயர் இருந்தால், எவ்வளவு கவனமான கணக்கப்பிள்ளைக்கும் கூப்பிட்டது எத்தனை என்று ஒரு கட்டத்தில் தவறிப்போகும். டி.என்.ஏவை நகலெடுக்கும், பழுதுபார்க்கும் பொறிகளுக்கும் அதுவே நேர்கிறது. ஒரே எழுத்துத் தொடரின்மேல் போகும்போது இழை வழுக்கி ஒரு சிறு கண்ணியாக மடிகிறது. அந்தக் கண்ணியைச் சரிசெய்யும்போது சில எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. நடுவில் வரும் சிஏடி இந்த வழுக்கலைத் தடுக்கும். அது போய்விட்டால் தொடர் நிலைகொள்ளாது.

இதில் மாமன் மகள் எங்கே வருகிறாள்?

நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் நோய் வரும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சில நோய்களுக்குத் தாயிடமிருந்து ஒரு பழுது, தந்தையிடமிருந்து அதே பழுது, இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் வாங்கியவர் ஆயுள் முழுவதும் சுகமாக இருப்பார். தலசீமியா அப்படிப்பட்டது. குருநாகலிலும் வேறு மாவட்டங்களிலும் அதைப் பற்றி வருடக்கணக்கில் விழிப்புணர்வு நடந்திருக்கிறது. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவர்கள் என்பதால், தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்வார்கள். அதனால் ஒரே பழுதை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு அயலவரைவிடக் கூடும். அந்த நோய்களுக்கு இந்தக் கணக்கு சரி. அதை நான் மறுக்கவில்லை.

எஸ்.சி.ஏ.1க்கு இந்தக் கணக்கு செல்லாது. இதற்கு ஒரே ஒரு நீண்ட பிரதி போதும். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அது வந்துவிட்டால், இன்னொரு பக்கத்துப் பிரதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நோய் வரும். நோயுள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவர் மாமன் மகளைக் கட்டினாலும் இரண்டில் ஒன்றுதான். இரத்தினபுரியில் வேற்றுக் குடும்பத்தில் கட்டினாலும், சிங்களப் பெண்ணைக் கட்டினாலும், கடல் கடந்து போய்க் கட்டினாலும் அதே இரண்டில் ஒன்று. மனைவியின் ரத்தம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஹண்டிங்டன் நோய், எஸ்.சி.ஏ.2, எஸ்.சி.ஏ.3, தசை இறுகிப்போகும் மையோட்டோனிக் நோய், எல்லாவற்றுக்கும் இதே விதி.

உலகில் இந்த நோய்கள் எங்கெல்லாம் குவிந்திருக்கின்றன என்று பார்த்தாலே பழி உதிர்ந்துவிடும். ஹண்டிங்டன் நோயை 1872ல் விவரித்த ஜோர்ஜ் ஹண்டிங்டன் அமெரிக்காவின் லோங் ஐலண்டில் அப்பாவும் தாத்தாவும் வைத்தியம் பார்த்த குடும்பங்களைப் பார்த்து எழுதினார். அவர்களுக்கு முறைப்பெண் என்ற வழக்கமே கிடையாது. எஸ்.சி.ஏ.3 போர்த்துகலின் அசோரஸ் தீவுகளில் அதிகம். எஸ்.சி.ஏ.2 உலகத்திலேயே அதிகமாக இருப்பது கியூபாவின் ஒல்கின் மாகாணத்தில். எஸ்.சி.ஏ.1இன் கதையோ இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் மினசோட்டாவில் டச்சு வம்சாவளி விவசாயக் குடும்பம் ஒன்று. அதில் பிறந்து வைத்தியரான ஜோன் ஷட், தன் குடும்பத்தின் ஆறு தலைமுறை நோய் வரலாற்றை 1950ல் எழுதி வெளியிட்டார். 1957ல் அமெரிக்காவின் தேசிய அட்டாக்ஸியா அமைப்பை நிறுவினார். அவரும் அதே நோய்க்கு ஆளானார். இந்த நோயின் மரபணுவை 1993ல் மினசோட்டாவின் ஹாரி ஓரும் ஹூஸ்டனின் ஹூடா சோக்பியும் கண்டுபிடித்தபோது, அந்தத் தேடலுக்கு இப்படிப்பட்ட குடும்பங்களின் ரத்தம்தான் உதவியது. அந்த டச்சு விவசாயியிடம் போய் "நீ சொந்தத்தில் கட்டினாயா" என்று யாரும் கேட்கவில்லை. நம் லயத்து மனிதரிடம் மட்டும் அதுவே முதல் கேள்வியாகிறது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. சொந்தத் திருமணத்துக்குப் பங்கில்லை என்றால், தமிழ்நாட்டின் அந்தக் கிராமங்களில் ஒரே சமூகத்துக்குள் இது ஏன் குவிந்தது?

குவிந்ததற்குக் காரணம் தொடக்கத்தில் ஒரு முன்னோர். யாரோ ஒருவரிடம் அந்தத் தொடர் நீண்டது. அவருடைய சந்ததி அந்த ஊர்களிலேயே தங்கியது. அந்தச் சமூகம் தனக்குள்ளேயே மணம் செய்ததால் நோயைச் சுமந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், ஆராய்ச்சியாளர் கண்ணுக்குத் தென்பட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயைச் சுமக்கும் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்றால் சராசரியாக இரண்டு பேருக்குப் போகும். அவர் ஊருக்குள் கட்டினாலும் இரண்டு, வெளியூரில் கட்டினாலும் இரண்டு. எல்லோரும் வெளியூரில் கட்டியிருந்தால் அதே எண்ணிக்கை நோயாளிகள் இருபது ஊர்களில் சிதறியிருப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர், இருவர் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நோயாளிகள் எங்கே வசிக்கிறார்கள் என்பதை மணவழக்கம் தீர்மானிக்கலாம். எத்தனை பேர் என்பதில் அதற்குக் கை இல்லை.

நோயுள்ள இருவரே தங்களுக்குள் மணம் முடிப்பது விதிவிலக்கு. அப்போது பிள்ளைக்கு வாய்ப்பு நான்கில் மூன்றாகும். அது உறவினருக்குள் நேரலாம் என்பது உண்மை. ஆனால் வெனிசுவேலாவின் மராகாய்போ ஏரிக்கரையில் ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரும் மற்றவர்களும் ஹண்டிங்டன் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இரு பக்கமிருந்தும் நோயை வாங்கியவர்களையும் கண்டார்கள். அவர்களுக்கு நோய் ஒரு பக்கம் மட்டும் வாங்கியவர்களைவிட வேறாகத் தெரியவில்லை என்று 1987ல் எழுதினார்கள். இந்த நோயில் முதல் பிரதியே தீர்ப்பெழுதிவிடுகிறது.

இப்போது தீங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவறான விளக்கம் ஒரு தவறான பாதுகாப்பைத் தருகிறது. "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, ஆனா நான் வெளியில கட்டிட்டேன், இனி வராது" என்று நம்பி ஒருவர் பிள்ளைகளைப் பெறுகிறார். அவருக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் முடிவு அவருடையதாக இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் அந்த உரிமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், சொந்தத்தில் கட்டிய தாய் தன் பிள்ளையின் தள்ளாட்டத்தைப் பார்த்து, தன் கல்யாணம்தான் இதைச் செய்தது என்று நம்பிக்கொண்டு வாழ்கிறாள். நோய் கணவன் பக்கத்திலிருந்து வந்தது. தண்டனை அவள் அனுபவிக்கிறாள். மாமியாரும் மச்சாண்டாரும் அதையே சொல்லிக் காட்டுகிறார்கள். மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை: நோயை வாங்காத பிள்ளைகள். பெற்றோரிடமிருந்து நீண்ட பிரதி வராதவர், தன் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே முடியாது. இந்த நோய் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. ஆனால் "அந்தக் குடும்பத்து ரத்தம்" என்ற பேச்சு எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டிப்போடுகிறது. அந்த வீட்டில் பெண் கேட்டு யாரும் வருவதில்லை.

நான்காவது தீங்கு அரசாங்கத்தின் பக்கம். நோய்க்கு மக்களின் வழக்கமே காரணம் என்று சொல்லிவிட்டால் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு கடமை முடிந்துவிடுகிறது. பரிசோதனை, மரபியல் ஆலோசனை, பேச்சுப் பயிற்சி, இயன்மருத்துவம் எதுவும் தர வேண்டியதில்லை. எஹலியகொட கொழும்பிலிருந்து ஏ4 வீதியில் சுமார் 70 கிலோமீட்டர். வரைபடத்தில் அது பக்கம். நாள் கூலிக்குப் போகும் ஒருவருக்கு, தள்ளாடும் காலோடு, பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து போய்வரும் தூரம் அது. போன இடத்தில் தன் மொழியில் இரண்டு வார்த்தை கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு அர்த்தமும் இல்லை.

கசிப்புப் பழிக்கு மறுபடி வருகிறேன், அது இன்னும் சாகவில்லை. மது மூளையில் பாதிக்கும் இடங்களில் சிறுமூளை முக்கியமானது. குடித்தவரின் நடையும் இந்த நோயாளியின் நடையும் ஒன்றுபோலத் தெரிவது அதனால்தான்: கால்களை அகட்டி வைத்தல், திரும்பும்போது தடுமாறல், குழறும் பேச்சு. ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு இந்த நோய் முதலில் கத்தியில் தெரியும். பட்டையை வெட்டும்போது கத்தி உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் அதற்கு மிக அருகே நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டு விழுந்து மறுபடி வெட்ட உதவாமல் போகும். கையின் அளவு குலைந்தவருக்கு இது முடியாது. இருட்டோடு எழுந்து, ஈரச் சரிவில் மரத்துக்கு மரம் போய், வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் முடியாது. மரத்தைக் கெடுக்கிறான், பாலைக் கொட்டுகிறான், குடித்துவிட்டு வருகிறான் என்ற பேச்சோடு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, விழுகிறது. காலையில் வாசனையே இல்லாத வாயோடு தள்ளாடுகிறவரை, வருடத்துக்கு வருடம் தள்ளாட்டம் கூடிக்கொண்டே போகிறவரை, குடிகாரர் என்று அழைப்பது நோயாளியின் கூலியைப் பறிக்கும் செயல். நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பதும் சிறுமூளையைத் தேய்க்கும் என்பதால், யார் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல நரம்பியல் வைத்தியர் வேண்டும். கங்காணியின் மூக்கு போதாது.

"பரம்பரை நோய் என்றால் தாத்தாவுக்கும் இருந்திருக்க வேண்டுமே, இவர்கள் இல்லை என்கிறார்களே" என்று கேட்பார்கள். முன்னோர் யாருக்கும் இல்லை, ஆகவே சொந்தக் கல்யாணம்தான் காரணம் என்று முடிவுகட்டுவார்கள். மலையக மக்களின் வரலாறு தெரிந்தவர் இப்படிக் கேட்கமாட்டார். 1964ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தது. மீதி 150,000 பேரை 1974ல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்த எண்களுக்குள் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் கிழிந்தன. பெரியப்பா நீலகிரிக்குப் போனார், அங்கே நாற்பத்தைந்து வயதில் படுக்கையில் விழுந்தார், கடிதம் நின்றுபோனது. இங்கிருக்கும் தம்பியின் பேரனிடம் வைத்தியர் "உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா" என்று கேட்டால், அவன் உண்மையாகவே "இல்லை" என்றுதான் சொல்வான். வம்சத்தின் பாதி ஒரு கப்பலில் போய்விட்டது. போகாதவர்களிலும் நோய் வெளிப்படும் வயதுக்கு முன்பே இறந்தவர்கள் ஏராளம். 1934, 35ல் இந்த நாட்டைத் தாக்கிய மலேரியா கேகாலைப் பகுதியைத்தான் மிக மோசமாக வாட்டியது. முப்பது வயதில் காய்ச்சலில் போனவர் தன் மரபணுவில் எதைச் சுமந்தார் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளை மட்டும் விட்டுச் சென்றிருப்பார். குடும்ப வரலாறு இல்லாமல் போனதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றையும் நம் வயதானவர்கள் சொல்வார்கள்: "அப்பனுக்கு நாப்பதுல வந்துச்சு, மகனுக்கு முப்பதுலயே வந்துருச்சு, பேரனுக்கு இன்னும் சீக்கிரம்." இதைக் கேட்ட படித்தவர், ஒரே ரத்தம் மேலும் மேலும் கலந்ததால் வீரியம் கூடிவிட்டது என்று விளக்குவார். குடும்பம் கண்டது சரி, படித்தவர் சொன்ன காரணம் பிழை. தலைமுறைக்குத் தலைமுறை நோய் முந்தி வருவதை ஐரோப்பாவிலும் வைத்தியர்கள் பார்த்தார்கள். 1918ல் புரூனோ ஃப்ளைஷர் மையோட்டோனிக் நோய்க் குடும்பங்களில் இதை விவரித்தார். 1948ல் லயனல் பென்றோஸ் என்ற பெரிய மரபியலாளர், இது நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையால் வரும் புள்ளிவிவர மாயை என்று எழுதினார். அவர் சொன்னதே பல பத்தாண்டுகள் பாடமாக இருந்தது. குடும்பங்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. 1992ல் மையோட்டோனிக் நோயின் மரபணுவில் நீளும் திரும்பலைக் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது தொடர் இன்னும் நீளுகிறது, நீண்டால் நோய் முந்துகிறது. எஸ்.சி.ஏ.1லும் ஹண்டிங்டனிலும் தந்தை வழியாக இறங்கும்போது இந்த நீட்சி அதிகம். சாதாரண ஜனங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தது சரி, கல்விமான் மேசையிலிருந்து மறுத்தது தவறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு. லயத்துப் பாட்டி "முந்தி வருது" என்று சொல்லும்போது காதுகொடுத்துக் கேளுங்கள். அவள் எந்த நோய் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பல் நீள்வதால் வரும் எல்லா நரம்பு நோய்களும் இந்த விதிக்குள் அடங்கா. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவும் திரும்பல் நோய்தான், அதன் மரபணு 1996ல் தெரிந்தது, ஜிஏஏ என்ற தொடர் நீளுகிறது. ஆனால் அதற்கு இரு பக்கத்துப் பிரதியும் பழுதாக வேண்டும். 2019ல் கண்டறியப்பட்ட ஆர்.எஃப்.சி.1 மரபணு நோயும் அப்படித்தான். இந்த இரண்டிலும் நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். ஒரு பிரதி போதுமான நோயையும் இரு பிரதி வேண்டிய நோயையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு: பெற்றோர் சுகமாக இருந்து பிள்ளைகளில் இருவர் மூவருக்கு வந்தால், பெரும்பாலும் இரு பக்கமும் வேண்டிய நோய். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்து பிள்ளைக்கு இறங்கினால், ஒரு பக்கம் போதுமான நோய். இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நேரமில்லாதவர் "சொந்தத்துல கட்டினீங்களா" என்ற கேள்விக்கு மட்டும் நேரம் கண்டுபிடிப்பதுதான் என் புகார். பெற்றோருக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தும் அதையே கேட்கிறார்கள்.

ரத்தத்தின்மேல் பழி போடும் பேச்சு இன்னொரு முடிவுக்கும் கொண்டுபோகிறது: வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. இதையும் ஏற்கமாட்டேன். கருவிலேயே எழுதப்பட்ட எண் அப்படியே நின்று ஒரு நாள் வெடிக்கிறது என்ற எண்ணம் இப்போது உடைந்துகொண்டிருக்கிறது. ஹண்டிங்டன் நோயாளிகள் ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்த கூட்டமைப்பு 2019ல் ஒன்றைக் காட்டியது: நோய் எந்த வயதில் தொடங்கும் என்பதைப் புரதத்திலுள்ள குளூட்டமின் எண்ணிக்கையைவிட, டி.என்.ஏவில் முறிப்பில்லாமல் ஓடும் சிஏஜியின் நீளமே தீர்மானிக்கிறது. ஹண்டிங்டன் மரபணுவில் வரும் முறிப்பு எழுத்தும் குளூட்டமினையே வைக்கும். புரதத்தில் வேறுபாடு இல்லை, ஆனாலும் முறிப்பு இழந்தவருக்கு நோய் முந்துகிறது. எனவே கேடு டி.என்.ஏ மட்டத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. 2025ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளைச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நாற்பது சொச்சத்தில் பிறந்த தொடர் சில மூளைச் செல்களுக்குள் வருடக்கணக்கில் மெல்ல நீண்டு, 150ஐத் தாண்டிய பிறகே அந்தச் செல்லைக் கொல்லத் தொடங்குகிறது என்று எழுதினார்கள். நீட்டுவது எம்.எஸ்.எச்.3 போன்ற பழுதுபார்க்கும் புரதங்கள். அவற்றை மந்தப்படுத்தினால் நோய் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் இப்போது மருந்து தேடுகிறார்கள்.

இந்த வழியில் ஏமாற்றமும் இருந்தது. ஹண்டிங்டன் புரதத்தின் அளவையே குறைக்கும் டொமினர்சென் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நாளை மருந்து வரும் என்று எந்தத் தோட்டத்துக் குடும்பத்துக்கும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் பிறப்பிலிருந்து நோய் வரை பல வருட இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளிக்குள் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது, செயலைத் தடுக்க முயலலாம் என்பது விதி என்று கைகழுவுவதிலிருந்து வெகு தூரம்.

மருந்து வரும்வரை செய்ய வேண்டியவை கையில் இருக்கின்றன. எஸ்.சி.ஏ.1ல் விழுங்கும் சக்தி குறைந்து உணவோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போவதுதான் பல நோயாளிகளின் உயிரை எடுக்கிறது. எதை எந்தப் பதத்தில் கொடுப்பது, தலையை எப்படிக் குனிந்து விழுங்குவது என்று யாராவது ஒருமுறை வந்து வீட்டாருக்குக் காட்டினால் வருடங்கள் கூடும். நடைப் பயிற்சி நடையைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். லயத்து வாசற்படியில் ஒரு கைப்பிடி, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு கயிறு, மழைக்காலத்தில் வழுக்காத கல். பால்வெட்டு முடியாதவருக்குத் தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு வாங்கித் தரத் தொழிற்சங்கத்தால் முடியும். நோயின் பெயர் வைத்தியரின் கையெழுத்தோடு தாளில் இருந்தால் பிரதேச செயலகத்தில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். "சொந்தக் கல்யாணத்தால் வந்தது" என்ற பேச்சை எந்த விண்ணப்பப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. நோய் தொடங்கியவருக்கு அது என்ன என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை செய்வது ஒரு விஷயம். சுகமாக இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ எதிர்காலத்தைச் சொல்வதற்காகச் செய்வது வேறு விஷயம். ஹண்டிங்டன் நோய்க்காக 1994ல் வகுக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டல், முன்பும் பின்பும் ஆலோசனை வேண்டும், வற்புறுத்தல் கூடாது, வயது வராதவருக்கு இப்படிப் பரிசோதிக்கக் கூடாது என்று சொல்கிறது. அட்டாக்ஸியாவுக்கும் அதையே பின்பற்றுகிறார்கள். தெரிந்துகொள்ளும் உரிமையைப் போலவே தெரியாமல் இருக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைகளுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள் என்பதற்காகவோ, தோட்ட நிர்வாகம் வேலைக்கு எடுக்குமுன் கேட்டது என்பதற்காகவோ யாரும் கையை நீட்ட வேண்டியதில்லை.

குடும்ப வரலாற்றை எழுதும்போது வெளிநோயாளர் பிரிவின் துண்டில் இரண்டு வரி போதாது. இந்தியாவுக்குப் போன கிளையையும் சேர்க்க வேண்டும்: யார் எந்த வருடம் போனார், எங்கே குடியேறினார், எந்த வயதில் நடை போயிற்று, பிள்ளைகள் எத்தனை. இன்று கையில் போன் இருக்கிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள பெரியப்பா வீட்டைத் தேடிப் பிடித்துக் கேட்கலாம். அங்கும் அவர்களிடம் யாரோ மாமன் மகளைக் காட்டித்தான் காரணம் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் அதை மறுத்துச் சொல்லுங்கள்.